போன் பார்த்தபடி ரோட்டைக் கடப்பவரைக் காலடி விளக்கு காப்பாற்றுமா?

கேள்வி: தென் கொரியாவில் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களுக்காகத் தரையிலேயே சிக்னல் விளக்கு பதித்திருக்கிறார்களாமே, அது உண்மையிலேயே பலன் தருகிறதா? எங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் நாற்சந்தியில் அப்படி ஒன்று வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். மாணவர்கள் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். அபராதம் போட்டால் திருந்துவார்களா?

மனு எழுதுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிக்னலுக்கு நேரக் கணக்குப் போடுவது என் தொழில். எந்தப் பக்கத்துக்கு எத்தனை நொடி பச்சை, நடப்பவர்களுக்கு எத்தனை நொடி என்று அட்டவணை போடுகிற வேலை. அந்த வேலையாகத் தென் கொரியாவில் இரண்டு வருடம் இருந்தேன். நீங்கள் சொல்லும் விளக்கைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கொரிய மொழியில் அதற்கு ‘பாதக் சின்ஹோதுங்’ என்று பெயர், தரை சிக்னல் என்று அர்த்தம். பாதத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ‘பாதக்’ என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். நடைபாதை முடிந்து ரோடு தொடங்கும் இடத்தில், பார்வையற்றவர்களுக்காகப் பதித்திருக்கும் புடைப்பு வைத்த மஞ்சள் கற்களை ஒட்டி, நீளமாக ஒரு எல்.இ.டி. பட்டை. எதிரே கம்பத்தில் சிவப்பு எரிந்தால் காலடியிலும் சிவப்பு, அங்கே பச்சை வந்தால் இங்கேயும் பச்சை. அவ்வளவுதான் விஷயம்.

கொரியத் தலைநகர் சோலில் ஒரு நாள் மாலை, இருட்டத் தொடங்கிய நேரம். இருபது வயதுப் பையன் ஒருவன் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஷூவின் நுனி அந்தப் பட்டைக்கு அரை அடி முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். தலை நிமிரவே இல்லை. வெள்ளை ஷூ முழுக்கச் சிவப்பு படிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஷூ பச்சையானது, அவன் நடந்தான். அப்போதும் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த கொரிய சகா ‘பார்த்தீர்களா, வேலை செய்கிறது’ என்று பெருமையாகச் சொன்னார். அவன் நின்றவரைக்கும் எனக்கும் சம்மதம்தான். நிமிராமலே கிளம்பினானே, அது உறுத்தியது. ஏனென்றால் அதே நொடியில் ஒரு டெலிவரி வேன் வலது பக்கம் திரும்பி, அவன் கடக்கும் கோடுகளின் மேலேயே வந்துகொண்டிருந்தது. கொரியாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும், அதனால் அங்கே வலது திருப்பம் என்பது நமக்கு ஃப்ரீ லெஃப்ட் மாதிரி, அதாவது சிக்னலுக்குக் காத்திருக்காமல் இடது பக்கம் திரும்பிவிடுவது மாதிரி. வேன்காரர் பார்த்துவிட்டார், பிரேக் போட்டார். பையனுக்கு வேன் வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சிவப்பில் தெரியாமல் கால் வைத்துவிடுவது என்ற ஒரு தப்பை அந்த விளக்கு தடுக்கிறது, நன்றாகவே தடுக்கிறது. பச்சையில் நடக்கும்போது வந்து இடிக்கிற வண்டியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு, ‘நிமிர வேண்டியதில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு தைரியத்தையும் கொடுத்துவிடுகிறது.

இது முதலில் எங்கே ஏன் வந்தது என்று பார்த்தால் அதன் எல்லை இன்னும் தெளிவாகப் புரியும். 2016-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டிராம் நிறுத்தங்கள் இரண்டில் தரையில் சிவப்பு விளக்குகளைப் பதித்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், மார்ச் மாதம், பக்கத்தில் இருக்கும் மியூனிக்கில் காதில் இயர்போனுடன் தண்டவாளத்தைக் கடந்த 15 வயதுப் பெண் டிராமில் அடிபட்டு இறந்திருந்தாள். டிராம் என்பது பாதி ரயில். தண்டவாளத்தை விட்டு ஒதுங்க முடியாது, இரும்பின் மேல் இரும்பு என்பதால் கார் மாதிரிச் சட்டென்று நிற்கவும் முடியாது, சத்தமும் குறைவு. அங்கே தப்பு நடப்பது ஒரே இடத்தில், ஒரே ஒரு அடியில். அந்த ஒரு அடிக்கு முன்னால் விளக்கு வைப்பது ரொம்பச் சரியான யோசனை. நோய்க்கு ஏற்ற மருந்து. அப்புறம் 2017-இல் நெதர்லாந்தின் போடெக்ராவன் என்ற சின்ன ஊர், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று இது பரவியபோது டிராம் நிறுத்தத்திலிருந்து சாதாரண நாற்சந்திக்கு வந்துவிட்டது. நாற்சந்தியில் ஆபத்து நான்கு திசையிலிருந்தும் வரும்.

கொரியர்கள் ஆரம்பத்தில் இதைவிடப் பெரிதாகவே யோசித்தார்கள். 2019-இல் சோலுக்குப் பக்கத்தில் இருக்கும் இல்சானில் ரேடார், வெப்பக் கேமரா, லேசர் கதிர், தரையில் மினுக்கும் விளக்கு எல்லாம் சேர்ந்த ஒரு ஏற்பாட்டைச் சோதித்தார்கள். நடப்பவர் ரோட்டை நெருங்கினால் அவர் போனிலேயே எச்சரிக்கை வரும், ஓட்டுநருக்கும் வரும். ஒரு கிராசிங்குக்கு ஒன்றரைக் கோடி வோன் (கொரியப் பணம்) செலவு. கடைசியில் நாடு முழுக்கப் பரவியது என்னவோ இருப்பதிலேயே எளிமையான அந்தப் பட்டைதான். எங்கள் தொழிலில் எப்போதும் இப்படித்தான் நடக்கும்.

சரி, போன் பார்த்து நடந்தால் என்னதான் ஆகிறது? குனிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான். அமெரிக்காவில் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐரா ஹைமன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு வேலை செய்தார். ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியை ஏற்றி வளாகத்தின் நடுவே சுற்றவிட்டார். கடந்து போனவர்களை நிறுத்தி, கோமாளியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஜோடியாகப் பேசிக்கொண்டு போனவர்களில் பத்தில் ஏழு பேர் பார்த்திருந்தார்கள். போனில் பேசிக்கொண்டு போனவர்களில் நாலில் ஒருவர்தான் பார்த்திருந்தார். கவனியுங்கள், இவர்கள் திரையைப் பார்க்கவில்லை, காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண் நேராகத்தான் இருந்தது, மனசு வேறு எங்கேயோ இருந்தது. ஆகவே பார்வை விழும் இடத்துக்கு விளக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. விளக்கைப் பார்த்தும் பார்க்காதவர்கள் இருக்கவே இருப்பார்கள்.

இன்னொரு ஆய்வு எங்கள் வேலைக்கு நேரடியாக உதவியது. சியாட்டில் நகரில் 20 சந்திப்புகளில் 1,102 பேர் ரோட்டைக் கடப்பதைக் கவனித்து 2013-இல் வெளியிட்டார்கள். மெசேஜ் அடித்துக்கொண்டே கடந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 நொடி அதிகம் எடுத்துக்கொண்டார்கள், கிட்டத்தட்ட 18 சதவீதம். இருபுறமும் பார்க்காமல் இறங்குவது, சிக்னலை மதிக்காமல் போவது மாதிரித் தப்புகளில் ஒன்றையாவது செய்யும் வாய்ப்பு அவர்களிடம் 3.9 மடங்கு. அந்த 2 நொடியைச் சின்னதாக நினைக்காதீர்கள். நாலு லேன் ரோடு 14 மீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்குப் போட்டால் 12 நொடிக்குள் கடந்துவிடலாம். போன்காரருக்குக் கிட்டத்தட்ட 14 நொடி ஆகும். பச்சையை இழுத்துப் பிடித்து 12 நொடிக்கு வைத்திருந்தால், அவர் கடைசி லேனில் இருக்கும்போது வண்டிகள் கிளம்பிவிடும். கொரியாவில் நொடிக்கு 1 மீட்டர் என்று கணக்கு, அதற்கும் மேல் இறங்குவதற்கென்று 7 நொடி தனியாகக் கொடுப்பார்கள். முதலில் அந்த அட்டவணையைப் பார்த்தபோது ‘இவ்வளவு தாராளமா’ என்று நினைத்தேன். அந்தத் தாராளம் முதியவர், கைக்குழந்தைக்காரி, கால் சுளுக்கியவர், போன் பார்ப்பவர் எல்லோருக்கும் பொதுவாகப் போய்ச் சேர்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்குப் பிடித்த ஆய்வு ஜப்பானுடையது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முராகாமி குழுவினர் 27 பேர் கொண்ட இரண்டு கூட்டங்களை எதிரெதிரே நடக்கவிட்டார்கள். சாதாரணமாக எதிரெதிர் கூட்டங்கள் சந்தித்தால் யாரும் சொல்லாமலே தானாக வரிசை வரிசையாகப் பிரிந்து வழிவிட்டுக்கொள்ளும். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கூட்டத்தின் முன்வரிசையில் மூன்று பேரிடம் மட்டும் போனைக் கொடுத்துக் கூட்டல் கணக்குப் போடச் சொன்னார்கள். மொத்தக் கூட்டமும் தடுமாறியது, வரிசை பிரிவது தாமதமானது, போனே இல்லாதவர்களும் சட்டென்று விலக வேண்டிவந்தது. வழிவிடுவது ஒருவர் செய்கிற வேலை அல்ல, இரண்டு பேரும் ஒருவரையொருவர் முன்கூட்டியே ஊகித்துச் செய்கிற வேலை என்பது இதில் கிடைத்த பாடம். 2021-இல் இந்த ஆய்வுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நாம் எப்படி ரோட்டைக் கடக்கிறோம்? ஒரு கையை லேசாகத் தூக்கி, வருகிற பைக்காரர் கண்ணைப் பார்த்து, அவர் கொஞ்சம் வலது பக்கம் ஒதுக்குகிறாரா என்று பார்த்து, ஒரு அடி, நின்று, மறுபடி ஒரு அடி. சிக்னல் இருக்கிற இடத்திலும் அப்படித்தான். சோலில் நடப்பவருக்கும் வண்டிக்கும் நடுவே சிக்னல் பேசுகிறது, நம் ஊரில் கண்ணும் கையும் பேசுகின்றன. போன் பிடுங்கிக்கொள்வது அந்தக் கண்ணையும் கையையும்தான். அதனால் போன் பார்த்து நடப்பது சோலைவிட இங்கே ஆபத்து அதிகம். அதே காரணத்தால்தான் தரை விளக்கு இங்கே பயன்படுவதும் குறைவு. கம்பத்தில் எரியும் சிவப்பையே சிலர் ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளும் ஊரில், அதன் நகலைத் தரையில் வைத்து என்ன கிடைக்கும்? ‘பச்சை எரிகிறது, போகலாம்’ என்று விளக்கு சொல்லும். பைக்காரர் அதே கருத்தில் இருக்க வேண்டுமே.

அபராதம் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஹொனலூலு நகரம் 2017 அக்டோபர் 25 முதல், ரோட்டைக் கடக்கும்போது போன் திரையைப் பார்த்தால் அபராதம் என்று சட்டம் கொண்டுவந்தது. முதல் தடவை 15 முதல் 35 டாலர், மூன்றாவது தடவை என்றால் 99 டாலர் வரை போகும். அவசர உதவிக்குப் பேசினால் விலக்கு. ஜப்பானில் யமாதோ என்ற ஊர் வேறு வழியில் போனது. 2020 ஜனவரியில் இரண்டு இடங்களில் ஆறாயிரம் பேர் அளவுக்கு எண்ணிப் பார்த்தார்கள், 12 சதவீதம் பேர் போனுடன் நடந்தார்கள். ஜூலையிலிருந்து பொது இடத்தில் நடந்துகொண்டே போன் பார்க்கக் கூடாது என்று ஊர்ச் சட்டம் போட்டார்கள், ஆனால் தண்டனை எதுவும் கிடையாது. ‘பார்க்க வேண்டுமானால் ஓரமாக நின்று பாருங்கள்’ என்று பெரியவர்கள் சொல்வது மாதிரி. ஜப்பானில் அது எடுபடலாம். நம் ஊரில் ஹெல்மெட்டுக்கு நின்று அபராதம் எழுதவே ஆள் போதவில்லை. போன் பார்த்து நடப்பவரைப் பிடிக்கத் தனியாக ஒரு காவலர் நின்றால், அவரைத் திரும்புகிற வண்டிகளை நிறுத்தச் சொல்லி நிறுத்திவைப்பது பத்து மடங்கு புண்ணியம்.

தனிப்பாதை போட்டால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பார்கள். சீனாவில் சோங்சிங் நகரின் ஒரு பொழுதுபோக்குத் தெருவில் 2014-இல் நடைபாதையை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் போன் பார்ப்பவர்களுக்கு என்று எழுதிவைத்தார்கள். போன் பார்த்து நடப்பவர்கள் அந்தக் கோட்டைக் கவனிக்கவே இல்லை. மற்றவர்கள் கவனித்தார்கள், நின்று அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

இனி இதில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற பகுதிக்கு வருகிறேன். தென் கொரியாவில் 2012-இல் நடந்து போகும்போது அடிபட்டு இறந்தவர்கள் 2,000-க்கு மேல். 2022-இல் அது 1,000-க்குக் கீழே வந்துவிட்டது. அதே பத்து வருடங்களில்தான் ஸ்மார்ட்போன் இல்லாத கையே அங்கே இல்லை என்று ஆனது. போன் பார்த்து நடப்பவர்களுக்கு ‘சுமோம்பி’ என்று ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள், ஸ்மார்ட்போனும் ‘ஸோம்பி’யும் (நடைப்பிணம்) சேர்ந்த சொல். ஜெர்மனியில் 2015-இல் ஆண்டின் இளைஞர் சொல்லாகத் தேர்ந்தெடுத்த ‘ஸ்மோம்பி’யின் தம்பி அது. அவ்வளவு போன் மோகம் உள்ள நாட்டில் நடப்பவர்கள் சாவது பாதியாகக் குறைந்திருக்கிறது. மக்கள் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டார்களா என்றால், நான் பார்த்தவரை இல்லவே இல்லை.

குறைந்ததற்குக் காரணம் ஒன்று இரண்டல்ல. கேமரா, பள்ளிப் பகுதிச் சட்டங்கள், அவசர சிகிச்சை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. என் தொழில் சார்ந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ‘5030’. 2021 ஏப்ரல் 17 முதல் நாடு முழுவதும் நகரச் சாலைகளில் பொதுவாக 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் என்று வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டு, திருப்பம். 2022 ஜூலையில், ஒருவர் கடந்துகொண்டிருந்தால் மட்டுமல்ல, கடக்கத் தயாராக நின்றாலே வண்டி நிற்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். 2023 ஜனவரியிலிருந்து சிவப்பு எரியும்போது வலது பக்கம் திரும்புகிற வண்டி முதலில் முழுசாக நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நான் பார்த்த பையனைக் காப்பாற்றியது இந்த வகையான வேலைதான். காலடியில் பச்சை எரிந்தது வேனுக்குத் தெரியாது.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு 8.3 மீட்டர் ஓடும். ஒருவர் திடீரென்று இறங்குகிறார். ஓட்டுநர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதற்குள் 8 மீட்டர். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சத்தில் வண்டி நின்றுவிட்டது. இப்போது 50 கிலோமீட்டர். நொடிக்கு 13.9 மீட்டர். அதே ஒரு நொடியில் 14 மீட்டர் போய்விடும், அதுவும் பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே. அதாவது முதல் வண்டி நின்று முடித்த இடத்தை இரண்டாவது வண்டி அதே 50-இல் தாண்டுகிறது. அங்கே போன் பார்த்தபடி ஒருவர் நின்றால், ஒரு வண்டியிடம் திட்டு வாங்குவார், மற்றதில் பிழைப்பது அவர் ஜாதகம்.

போனைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனம் சிதறுவதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். கவனம் சிதறும். குழந்தைக்குச் சிதறும், கடன்காரன் போன் செய்தவனுக்குச் சிதறும், தேர்வு எழுதிவிட்டு வெளியே வருகிற உங்கள் மாணவர்களுக்குப் போனே இல்லாமலும் சிதறும். சோலில் நானே சிக்னல் அட்டவணையைப் போனில் பார்த்துக்கொண்டு நடந்து, வண்டி ஏறாமல் இருக்க நட்டிருந்த தடுப்புக் கம்பத்தில் முழங்காலை இடித்துக்கொண்டு ஒரு வாரம் நொண்டினேன். வேலைக்காகத்தானே பார்த்தேன் என்று சொல்லிப் பார்த்தேன், சகாக்கள் விட்டால்தானே.

2019-இல் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை இதையே ஆராய்ந்தது. நடப்பவர்கள் போன் பார்ப்பதுதான் சாவுகள் கூடுவதற்குப் பெரிய காரணம் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அமெரிக்காவில் நடப்பவர்கள் இறப்பதில் முக்கால்வாசி இருட்டில் நடக்கிறது. தெருவிளக்கு இல்லாத அகல ரோடுகளில் திரை வெளிச்சத்தைக் குறை சொல்வது எளிது, கம்பம் நடுவதுதான் செலவு. இதற்கு நேர் எதிராக ஹெல்சிங்கி. நோக்கியா பிறந்த நாட்டின் தலைநகரம், போனுக்குப் பஞ்சமே இல்லை. 2019 முழுவதும் அந்த நகரில் நடந்து போன ஒருவர்கூட வண்டியில் அடிபட்டு இறக்கவில்லை. பெரும்பாலான தெருக்களில் வேகம் 30 கிலோமீட்டர்.

அதற்காகத் தரை விளக்கை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. ஆக்ஸ்பர்க் மாதிரியான இடம் நம்மிடம் உண்டு, அது ரோடு அல்ல, தண்டவாளம். சென்னைப் புறநகர் ரயில் பாதையைக் காதில் இயர்போனுடன் கடந்து இறந்தவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. ரயிலுக்குக் கண்ணால் பேசுகிற வேலை கிடையாது, ஒதுங்கவும் முடியாது. மக்கள் வழக்கமாகக் கடக்கிற இடத்தில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டுவதுதான் முதல் வேலை, ஆனால் அதுவரைக்கும் ஒரு சிவப்புப் பட்டைக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது.

ரோட்டில் வைத்தாலும் பராமரிப்பு ஒரு தலைவலி. கொரியாவிலேயே கோடைச் சூட்டிலும் மழையிலும் பழுதாகிறது என்ற புகார்கள் வந்தன. கம்பத்தில் சிவப்பு, தரையில் பச்சை என்று ஒரே ஒரு நாள் எரிந்தாலும் போதும், அதையே நம்பி நடக்கிறவரை நாமே தள்ளிவிட்ட மாதிரி. நம் ஊரில் அந்த நடைபாதையை வருடத்துக்கு எத்தனை தடவை கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நடைபாதை இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் (கட்சி அல்ல, சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பு) விதிப்படி நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி மதில் ஓரம் ஒரு டேப்பை எடுத்துப்போய் அளந்து பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மரையும் பெட்டிக்கடையையும் கழித்துவிட்டு.

சோலில் பார்த்ததில் நான் ஆசைப்பட்டு எடுத்துவரத் துடித்தது வேறு ஒன்று. பச்சைக்கு இன்னும் எத்தனை நொடி என்று சிவப்பிலேயே எண்ணிக் காட்டும் சிக்னல், 2023 கடைசியில் நகரின் நடுப்பகுதியில் சில இடங்களில் வைத்தார்கள். 6 நொடி மிச்சம் இருக்கும்போது எண் மறைந்துவிடும். 3, 2 என்று காட்டினால் ஆட்கள் முன்கூட்டியே இறங்கிவிடுவார்களாம். எண் ஓடுகிறது என்றால் மனிதன் நிமிர்ந்து பார்க்கிறான். போனிலிருந்து கண்ணைப் பிடுங்க இன்னொரு திரைதான் வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கைதான்.

உங்கள் நாற்சந்திக்கு வருகிறேன். மனு எழுதும் முன் கல்லூரி விடும் நேரத்தில் நாலு மாணவர்களை மூலைக்கு ஒருவராக நிறுத்தி, அரை மணி நேரம் இரண்டு பத்தி போட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தி: போன் பார்த்தபடி சிவப்பில் இறங்கியவர்கள். இரண்டாவது பத்தி: நடப்பவர்களுக்குப் பச்சை எரியும்போது அந்தக் கோடுகளின் மேல் நுழைந்த வண்டிகள். ஃப்ரீ லெஃப்ட் வண்டிகளைத் தனியாகக் குறிக்கட்டும். மூன்று நாள் எண்ணினால் போதும். எண்ணுகிறவர்கள் போனை பையில் வைத்துவிட்டு நோட்டில் எழுதட்டும், மூலையில் நிற்பதே ஆபத்தான இடம்.

முதல் பத்தி நிறைந்தால், தரை விளக்குக்கு மனு கொடுங்கள், நான் தொழில்நுட்பக் குறிப்பு எழுதித் தருகிறேன். இரண்டாவது பத்தி நிறைந்தால் (நிறையும் என்றே நினைக்கிறேன்) மனுவில் நான்கு விஷயம் கேளுங்கள். ஃப்ரீ லெஃப்ட்டை எடுத்துவிட்டு அந்த மூலையின் வளைவை இறுக்க வேண்டும், அகல வளைவில்தான் பைக்கும் வேனும் வேகம் குறைக்காமலே திரும்புகின்றன. நடப்பவர்களுக்குப் பச்சை, வண்டிகளுக்குப் பச்சை வருவதற்கு ஒரு 5 நொடி முன்னால் வர வேண்டும், அதற்குள் அவர்கள் ஏறக்குறையப் பாதி ரோட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்புகிற வண்டியின் கண்ணெதிரே இருப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் சிக்னல் பெட்டியில் அட்டவணையை மாற்றினாலே போதும். கோடு போட்ட இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் வண்டி தானாகக் குறையும். நடுவில் மீடியன் இருந்தால், அங்கே ஆள் நிற்கிற அளவுக்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் 14 மீட்டரைக் கடக்க வேண்டியதில்லை.

மாணவர்களிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அதையும் அறிவுரையாகச் சொல்லாதீர்கள். ஆட்டோ எங்கே வருகிறது என்று மேப் பார்க்க வேண்டுமானால் மதிலை ஒட்டி நின்று பார்க்கட்டும், ரோட்டு விளிம்பில் நின்று வேண்டாம். இறங்கும்போது ஓட்டுநரைப் பார்ப்பதைவிட வண்டியின் முன்சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியாது, சக்கரம் எந்தப் பக்கம் ஒடிகிறது என்பது எப்போதும் தெரியும்.

எண்ணி முடித்ததும் அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த மூலையில் எத்தனை என்று பிரித்து எழுதியிருந்தால் நொடிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.